வெடியுப்பும் அதன் பரீட்சையும்

மாத்தளை என்றவுடன் நம் நினைவிற்கு வருவன மிளகும் ஏலமும் கொக்கோவும் சாதிக்காயுமே. வரலாற்றில் ஈடுபாடு உடையவர்கள் அலுவிகாரையை நினைப்பர். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை நினைப்பர். 1803இல் ஆங்கிலேயர் எழுப்பிய மக்டவல் கோட்டையின் எஞ்சிய வாயிலை நினைப்பர். அந்நகருக்குக் கிழக்கே வானளாவி நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரைச் சுற்றுலாப் பயணிகள் நினைப்பர். மாத்தளை, கண்டி ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் அம்மலைத்தொடரின் குகைகளிலிருந்து ஒரு காலத்தில் அரசனது ஆயுதசாலைக்குச் சென்ற ஒரு சரக்கை நினைப்பவர் மிகச் சிலரே. அச்சரக்கு வெடியுப்பு.

வெடியுப்பின் இயல்பு விந்தையானது. அது தானாக எரிவதில்லை. ஒரு பிடி வெடியுப்பை எடுத்துத் தீக்குச்சியைக் கிழித்து வைத்தால், குச்சி அணைந்துபோகும். உப்பு அப்படியே கிடக்கும். ஆயின் அதே உப்பைக் கரித்தூளுடன் கலந்து நெருப்பைக் காட்டினால், கரி சீறி எரிகிறது. எரியாத பொருள் ஒன்று பிறவற்றை எரிக்கிறது. அப்படியாயின், நம் கையில் கிடைக்கும் ஒரு வெண்ணிறத் தூள் இத்தகைய இயல்பு உடையதா, இல்லதா என்று அறிவது எவ்வாறு? உடையதாயின், அவ்வியல்பு எவ்வளவு வலியது? இக்கேள்விக்கு மனிதன் கண்ட விடைகளின் வரலாற்றையே இன்று சுருங்கச் சொல்ல விழைகிறேன். குகையில் தொடங்கி இன்றைய பரிசோதனைச்சாலை வரை இவ்வரலாறு செல்கிறது. இடையிலே பல உயிர்கள் பலியான கதைகளும் உண்டு.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். வெடியுப்பு என்று நாம் வழங்குவதை இரசாயன நூலார் பொற்றாசியம் நைத்திரேற்று என்பர். தமிழ்நாட்டில் பொட்டிலுப்பு என்ற பெயரும் உண்டு. உவர்மண்ணிலிருந்து உப்பும் வெடியுப்பும் எடுத்தலையே குலத்தொழிலாகக் கொண்ட உப்பிலியர் என்னும் வகுப்பார் அங்கு வாழ்ந்தனர். சித்த வைத்தியர்கள் இதனைச் சுத்தி செய்து மருந்துகளிற் சேர்ப்பர். துவக்கில் இடும் தூளையும் நம்மவர் 'மருந்து' என்றே அழைத்தனர் என்பது நினைக்கத்தக்கது. நாவில் இட்டால் இவ்வுப்பு குளிர்ச்சி தருகிறது; நீரிற் கரையும்போது நீரின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. அக்பர் சக்கரவர்த்தியின் காலத்தில் குடிநீரைக் குளிர்விக்க வெடியுப்பைப் பயன்படுத்தினர். நீரைக் குளிர்விப்பதும் தீயை வளர்ப்பதும் ஒரே உப்பு!

தீயை அது வளர்ப்பது எங்ஙனம்? எரியும் விளக்கை ஒரு குடத்தால் மூடினால் விளக்குச் சிறிது நேரத்தில் அணைகிறது. குடத்துள் இருந்த காற்றில் எரிதலுக்குத் துணைசெய்யும் பகுதி குறைந்துவிட்டமையே காரணம். அப்பகுதியை முன்னர்ப் பிராணவாயு என்றனர். இன்று ஒட்சிசன் என்கிறோம். வெடியுப்பினுள் இந்த ஒட்சிசன் நிரம்பக் கட்டுண்டு கிடக்கிறது. சூடேறும்போது அது விடுபட்டு அருகிலுள்ள கரிக்கோ கந்தகத்துக்கோ கிடைக்கிறது. ஆகவே வெளிக்காற்றே இல்லாத இடத்திலும், துவக்கின் குழலுக்குள்ளேயும், தீ எரிகிறது. இவ்வாறு பிற பொருளுக்கு ஒட்சிசனை ஈயும் பொருள்களை ஒட்சியேற்றிகள் என்பர்.

இனி மலைக்குச் செல்வோம். 1816 முதல் 1820 வரை இலங்கையில் இராணுவ வைத்தியராகப் பணிபுரிந்தவர் ஜோன் டேவி. சுரங்கத் தொழிலாளரின் காவல் விளக்கை அமைத்த பேரறிஞர் ஹம்பிரி டேவியின் இளைய சகோதரர் இவர். தாமும் தேர்ந்த இரசாயன அறிஞர். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது 1815இல். அதனால், அதுவரை ஐரோப்பியர் எளிதிற் புக முடியாதிருந்த உள்நாட்டை முதன்முதலில் விஞ்ஞானக் கண்கொண்டு பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. 1821இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல் இலங்கையின் உட்பகுதியைப் பற்றியது. வெடியுப்புக் குகைகளைப் பற்றி அதில் அவர் விரிவாக எழுதியுள்ளார்.

அவர் மெமூரா என்று குறிக்கும் குகை, நக்கிள்ஸ் மலைத்தொடரில் மீமுரே என இன்று வழங்கும் சிற்றூரை ஒட்டிய காட்டுப் பகுதியைச் சேர்ந்தது என்று கொள்ளப்படுகிறது. மாத்தளை எல்லைக்கு அண்மையதாயினும் ஆட்சி முறையில் அவ்வூர் கண்டி மாவட்டத்துள் அடங்கும். ஏறத்தாழ 200 அடி உள்ளே செல்லும் பெருங்குகை அது. வறண்ட காலங்களில் தொழிலாளர் அங்கே தங்கி, குகைச் சுவரின் பாறையைச் சிறுசிறு துண்டுகளாகக் கொத்தி எடுத்தனர். பின்னர் அதனைத் தூளாக்கினர். அத்தூளுடன் சம அளவு விறகுச் சாம்பலைக் கலந்து, வடிகட்டியில் இட்டு, நீர் ஊற்றி வடித்தனர். வடிந்த நீரைச் சட்டிகளிற் காய்ச்சி வற்றச் செய்து ஆறவிட்டபோது வெடியுப்புப் பளிங்குகளாகப் படிந்தது.

அப்பாறையில் வெடியுப்பு எவ்வளவு இருந்தது? டேவி பகுத்துப் பார்த்தார். நூறு பங்கு பாறையில் பொற்றாசியம் நைத்திரேற்று 2.4 பங்கு, மகனீசியம் நைத்திரேற்று 0.7 பங்கு, மிகுதி சுண்ணாம்புக் காபனேற்றும் நீரும் கரையாத மண்ணுமே. நூறு இறாத்தல் பாறையைக் கொத்தினால் இரண்டரை இறாத்தல் வெடியுப்புக்கூடத் தேறாது. தொழிலாளர் பட்ட பாட்டை இதிலிருந்து உணரலாம்.

இவ்விடத்தில் நேயர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டுகிறேன். சாம்பலைக் கலந்தது எதற்காக? பாறைத்தூளை நீரிற் கரைத்து வடித்தாலே வெடியுப்பு வந்துவிடுமே! டேவி தந்த கணக்கிலேயே இதற்கு விடை இருக்கிறது. பாறையிலுள்ள இரு நைத்திரேற்றுகளில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மகனீசியத்தோடு சேர்ந்தது. மகனீசியம் நைத்திரேற்றுக்குக் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத் தானே கரையும் இயல்பு உண்டு. அது கலந்த வெடியுப்பால் செய்த மருந்து, மழைக்கால மலைக்காற்றில் நமுத்துப்போகும், துவக்கு சுடாது. விறகுச் சாம்பலிலோ பொற்றாசியம் காபனேற்று உண்டு. இரண்டும் நீரிற் கூடும்போது மகனீசியம் காபனேற்றாகிக் கீழே தங்குகிறது. நைத்திரேற்று பொற்றாசியத்தோடு சேர்ந்து நல்ல வெடியுப்பாகி நீரோடு வடிகிறது. தீங்கு செய்யும் பொருள் நீங்கிற்று. நீங்கியதற்கு ஈடாக நற்பொருள் பெருகிற்று. ஒரு செயலால் இரு பயன்!

பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிரியா நாட்டிலே வாழ்ந்த ஹசன் அல் ரம்மா என்னும் அரபு ஆசிரியர், வெடியுப்பைச் சாம்பல் கொண்டு சுத்திசெய்யும் முறையைத் தம் நூலில் விவரித்திருக்கிறார். அம்முறை எவ்வழியாக நம் மலைகளை அடைந்ததாயினும் ஆகுக. பொற்றாசியம் என்ற சொல்லையே கேட்டறியாத மலைவாசிகள், அதன் பயனைக் கைத்தொழிலாற் கண்டு காத்து வந்தனர் என்பது உறுதி.

குகையில் இவ்வுப்பு உண்டாவதன் காரணத்தையும் டேவி ஆராய்ந்தார். பாறையிலுள்ள பெல்சுபார் சிதைந்து பொற்றாசியத்தைத் தருகிறது என்றும், சுண்ணாம்பின் தூண்டுதலால் காற்றிலிருந்தே அமிலம் உண்டாகிறது என்றும் அவர் கருதினார். முதற் கருத்துப் பொருத்தமானது. மாத்தளைப் பகுதியில் பெல்சுபாரும் தொலமைற்றுச் சுண்ணக்கல்லும் பிற்காலத்தில் வாணிப அளவில் அகழப்பட்டன. இரண்டாவது கருத்தை விஞ்ஞானம் பின்னர்த் திருத்திற்று. 1877இல் பிரான்சு நாட்டு அறிஞர்களான சிலோசிங், முன்ட்சு ஆகிய இருவரும், மண்ணிலே நைத்திரேற்று உண்டாவது நுண்ணுயிர்களின் செயலால் என்று நிறுவினர். வௌவாலின் எச்சம் முதலிய உயிர்ப்பொருள்கள் சிதையும்போது எழும் அமோனியாவை அந்நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. சுண்ணாம்பு அமிலத்தைத் தணித்து அவற்றின் தொழிலுக்கு இடம் தருகிறது.

கண்டி நாட்டு மருந்தின் அளவையும் டேவி குறித்துள்ளார். வெடியுப்பு ஐந்து பங்கு, கந்தகம் ஒரு பங்கு, கரி ஒரு பங்கு. கணக்கிட்டால் நூற்றுக்கு 71 பங்கு வெடியுப்பு ஆகிறது. அக்காலத்து ஆங்கிலேய மருந்தில் இது 75 பங்கு. பெரிய ஆலைகளும் அளவு கருவிகளும் உடைய தேசம் வந்து சேர்ந்த இடத்துக்கு, அம்மியும் உரலும் கொண்ட மலைநாட்டார் நான்கு பங்கு வித்தியாசத்திலே வந்து சேர்ந்திருந்தனர். இத்தகைய மருந்தே கண்டிப் படைவீரரின் துவக்குகளிலும், மூன்று கால்மீது நிறுத்திச் சுடும் கொடித்துவக்குகளிலும் இடப்பட்டது. 1803ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கண்டியிலிருந்த ஆங்கிலப் படை அழிவுற்றது. அதன்பின் மாத்தளைக் கோட்டையிலிருந்த சிறுபடையும் நிலைகொள்ள முடியாமல் திருகோணமலைக்குப் பின்வாங்கிற்று. மலையும் காடும் காய்ச்சலும் கண்டியருக்குத் துணைநின்றன. தம் மண்ணிலிருந்தே மருந்து எடுக்கத் தெரிந்தமையும் ஒரு துணையே.

இனிப் பரீட்சைக்கு வருவோம். குகையிலோ உவர்மண்ணிலோ எடுத்த வெள்ளை உப்பு வெடியுப்புத்தானா என்று பண்டையோர் எவ்வாறு கண்டனர்? எங்கும் வழங்கிய எளிய பரீட்சை ஒன்று உண்டு. தணலிலே ஒரு சிட்டிகை உப்பைத் தூவுவர். வெடியுப்பாயின் சீறிப் பற்றித் தணல் வெண்சுடராய் ஒளிரும். கறியுப்பாயின் படபடவென்று வெடித்துத் தெறிக்குமேயன்றித் தணலை வளர்க்காது. வேறு சில உப்புகள் நீராய் உருகிப் பொங்கி அடங்கும். அடுப்பங்கரையில் நடக்கக்கூடிய இப்பரீட்சை, ஒட்சியேற்றும் இயல்பைக் கண்டறிவதில் மனிதன் கண்ட முதற்பரீட்சை எனலாம். எரியும் பொருளோடு சேர்த்து, எரிகின்ற விரைவைக் காண்க என்பதே அதன் சாரம். இச்சாரம் இன்றளவும் மாறவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

வாணிபம் பெருகிய காலத்தில் வேறொரு கேள்வி எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் பீகாரின் வெடியுப்பைக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு ஏற்றினர். மூட்டைக்குள் இருப்பது வெடியுப்பே என்பதில் ஐயமில்லை. அதில் கறியுப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதே வணிகரின் கவலை. வெடியுப்பை உருக்கி வில்லையாக வார்த்து உடைத்துப் பார்த்தனர். தூயதாயின் உடைந்த முகத்தில் கதிர்கள் பரந்தாற்போன்ற அமைப்புத் தோன்றும். கறியுப்பு மிகுந்தால் அக்கதிர்கள் மறையும். பிரான்சில் ரிபோ என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மற்றொரு முறையை வகுத்தார். தூய வெடியுப்பு இனிமேற் கரையாத அளவுக்கு நிறைந்த கரைசலை எடுத்து, அதனால் மாதிரியைக் கழுவவேண்டும். அக்கரைசல் கறியுப்பைக் கரைத்துக்கொள்ளும். வெடியுப்பையோ கரைக்க இடமில்லை. எஞ்சியதை நிறுத்தால் தூய்மை தெரிந்துவிடும். கூர்மையான யுக்தி!

ஆயினும் தூய்மை வேறு, வலிமை வேறு. வெடியுப்பு ஏன் தீயை வளர்க்கிறது என்பது தெரியாதவரை வலிமையைப் பற்றிய கேள்வியே தெளிவாக எழவில்லை. 1674இல் ஆங்கில மருத்துவர் ஜோன் மேயோ, காற்றிலுள்ள எரிதலுக்குரிய பகுதியும் வெடியுப்பில் அடங்கியிருக்கும் பகுதியும் ஒன்றே என்று வாதித்தார். ஏறக்குறைய நூறாண்டுகளின் பின் சுவீடன் நாட்டு ஷீலே வெடியுப்பைக் காய்ச்சி 'நெருப்புக் காற்று' ஒன்றைப் பெற்றார். அக்காற்றுக்கு ஒட்சிசன் என்று பெயரிட்டு, எரிதல் என்பது அதனோடு கூடுதலே என்று நிறுவியவர் பிரான்சின் லவோசியே. 1775 முதல் அவரே அந்நாட்டு அரசின் வெடிமருந்து நிருவாகிகளுள் ஒருவர். மருந்து செய்யும் சாலையும் எரிதலின் தத்துவமும் ஒரே மனிதரிடத்தே கூடியது தற்செயலன்று.

அறிவு வளர்ந்தது, அதனோடு ஆபத்தும் வளர்ந்தது. பெர்தொலே என்ற அறிஞர் பொற்றாசியம் குளோரேற்று என்னும் புதிய உப்பைக் கண்டார். வெடியுப்பைக் காட்டிலும் எளிதிலே ஒட்சிசனை உதறும் இயல்பு அதற்கு உண்டு. வெடியுப்புக்குப் பதிலாக இதை இட்டால் வலிய மருந்து கிடைக்குமன்றோ? 1788ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் எசோன் என்னுமிடத்திலுள்ள ஆலையில் அதைப் பரீட்சித்தனர். பெர்தொலேயும் லவோசியேயும் அவர் மனைவியும் வந்திருந்தனர். கலவை அரைபடும்போதே வெடித்தது. சற்று விலகியிருந்தமையால் அறிஞர்கள் பிழைத்தனர். அருகில் நின்ற இருவர் மாண்டனர். இரண்டும் ஒட்சியேற்றிகளே, இரண்டும் வெண்ணிற உப்புகளே. ஆயின் ஒன்று நெருப்புப் படும்வரை பொறுக்கும். மற்றொன்று எரிபொருளுடன் கூடினால் உராய்வையே பொறாது. 'இது ஒட்சியேற்றியா' என்று கேட்பதோடு 'எத்தனை வலிய ஒட்சியேற்றி' என்றும் கேட்கவேண்டும் என்ற பாடம் இவ்வாறு உயிரை விலையாகக் கொடுத்துக் கற்கப்பட்டது.

நம் மலைநாட்டில், கண்டி அரசு வீழ்ந்தபின், குகைத் தொழில் தேய்ந்து மறைந்தது. வங்காளத்து வெடியுப்பு மலிவாகக் கிடைக்கும்போது, நூற்றுக்கு இரண்டரைப் பங்குக்காக யார் பாறையைக் கொத்துவர்? மாத்தளை மலைச்சாரல்களில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து நடந்து வந்த நம்மவர் அத்தோட்டங்களில் உழைத்தனர். பின்னர்த் தேயிலையும் இறப்பரும் வந்தன. நைத்திரேற்று மீண்டும் இம்மலைகளுக்கு வந்தது. இம்முறை துவக்குக்காக அன்று, பயிருக்காக.

நைத்திரேற்றைப் பயிர் விரும்புகிறது. அதன் நைதரசன் இலையையும் தண்டையும் வளர்க்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமனியில் காற்றிலுள்ள நைதரசனிலிருந்தே அமோனியா செய்யும் வழி கண்டனர். 1913இல் ஒப்பௌ என்னும் ஊரில் பேராலை தொடங்கியது. அதன்பின் உரமாகச் செய்யப்பட்ட உப்புகளுள் ஒன்று அமோனியம் நைத்திரேற்று. இதுவும் வெண்மையானது, ஒட்சியேற்றும் இயல்புடையது, கடுஞ்சூட்டிலோ பேரதிர்ச்சியிலோ தானே வெடிக்கவும் வல்லது.

அதே ஒப்பௌவில் 1921ஆம் ஆண்டு செப்தெம்பர் 21ஆம் நாள் நிகழ்ந்தது நெஞ்சைவிட்டு அகலாதது. அமோனியம் சல்பேற்றும் நைத்திரேற்றும் கலந்த உரம் ஏறத்தாழ 4,500 தொன் களஞ்சியத்தில் இறுகிப் பாறைபோல் ஆகியிருந்தது. அதைத் தளர்த்தச் சிறு வெடிகளை வைப்பது வழக்கம். ஆயிரக்கணக்கான முறை அவ்வாறு செய்தும் தீங்கு நேர்ந்ததில்லை. அன்று களஞ்சியம் வெடித்தது. 500க்கு மேற்பட்டோர் மாண்டனர். முன்பு தீங்கு நேரவில்லை என்பது பரீட்சை ஆகாது. அது நல்லூழ் மட்டுமே.

1947 ஏப்பிரல் 16ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சாஸ் சிற்றி துறைமுகத்தில் கப்பலொன்றிலிருந்த சுமார் 2,300 தொன் அமோனியம் நைத்திரேற்று தீப்பற்றி வெடித்ததில் 500க்கு மேற்பட்டோர் இறந்தனர். அங்கே உரம் காகிதப் பைகளில் இருந்தது. ஒட்சியேற்றியையும் எரிபொருளையும் சேர்த்து அடுக்கியதற்கு அது ஒப்பாகும். 2020 ஓகத்து 4ஆம் நாள் பெய்ரூற் துறைமுகத்தில் ஆண்டுக்கணக்கிற் கேட்பாரற்றுக் கிடந்த 2,750 தொன் வெடித்து 200க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அச்செய்தி எட்டிய சில நாளிலேயே, சென்னையை அடுத்த மணலியில் 2015 முதல் சுங்கத்தினர் பறிமுதல் செய்து வைத்திருந்த ஏறத்தாழ 700 தொன் அமோனியம் நைத்திரேற்று அனைவர் கண்ணிலும் பட்டது. அது ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்ட பின்னரே சுற்றுப்புற மக்கள் நிம்மதியாய் உறங்கினர்.

கடலில் கப்பலும் தரையில் லொறியும் நாள்தோறும் ஆயிரமாயிரம் இரசாயனப் பொருள்களைச் சுமக்கின்றன. அவற்றுள் எது ஒட்சியேற்றி, எது அன்று என்று எல்லா நாட்டாரும் ஒரே முறையிற் கூறினாலன்றிப் பாதுகாப்பு இல்லை. இதற்காக ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு வகுத்த பரீட்சை ஒன்று உண்டு. திடப்பொருள்களுக்குரிய அப்பரீட்சையைக் கேட்டால் நேயர்கள் வியப்படைவர். ஏனெனில் அது பழைய தணற் பரீட்சையின் திருத்திய வடிவமே.

பரீட்சிக்கவேண்டிய பொருளை, உலர்த்திய செலுலோசுத் தூளோடு கலக்கின்றனர். செலுலோசு என்பது மரத்திலும் பஞ்சிலும் காகிதத்திலும் உள்ள எரியும் பொருள்; தணலின் இடத்தை இங்கு அது வகிக்கிறது. ஒரு கலவையில் பொருள் நான்கு பங்கும் செலுலோசு ஒரு பங்கும். மற்றொன்றில் இரண்டும் சரிபங்கு. கலவையில் 30 கிராம் எடுத்துக் கூம்பு வடிவாகக் குவிக்கின்றனர். மின்சாரத்தாற் சிவக்கக் காய்ந்த கம்பி அக்குவியலை மூட்டுகிறது. தொடக்கம் முதல் முடிவு வரை எரியும் காலத்தை அளக்கின்றனர். ஒருமுறை பார்த்து முடிவு கூறுவதில்லை. ஐந்து முறை செய்து சராசரி எடுக்கின்றனர்.

ஆயினும் இத்தனை விநாடியில் எரிந்தால் ஒட்சியேற்றி என்று எதைக்கொண்டு சொல்வது? இதற்கு ஓர் உரைகல் வேண்டும். பொன்னின் மாற்றைக் காணப் பொற்கொல்லர் மாற்றுத் தெரிந்த ஆணிப்பொன்னை உரைகல்லில் உரைத்து ஒப்பிடுவதுபோல, இயல்பு தெரிந்த ஒட்சியேற்றி ஒன்றை அருகே வைத்து ஒப்பிடவேண்டும். அதற்குப் பொற்றாசியம் புரோமேற்றைத் தெரிந்தெடுத்தனர். புரோமேற்று மூன்று பங்கும் செலுலோசு ஏழு பங்கும் கொண்ட கலவை எரியும் நேரமே கீழெல்லை. நம் பொருளின் கலவை அதனினும் மெதுவாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ, அப்பொருளை ஒட்சியேற்றி வகுப்பில் வைப்பதில்லை. அந்நேரத்துக்குள் எரிந்தால் அது ஒட்சியேற்றி. புரோமேற்று இரண்டு பங்கும் செலுலோசு மூன்று பங்கும் கொண்ட கலவையின் நேரத்துக்குள் எரிந்தால் நடுத்தர ஆபத்து. மூன்றுக்கு இரண்டு என்ற கலவையையும் விரைவில் வென்றால் மிகப் பெரிய ஆபத்து. இவ்வாறு மூன்று படிகள்.

இப்பரீட்சையிலும் குறைகள் தோன்றின. புரோமேற்று புற்றுநோய்க்கு ஏதுவாகக் கூடியது என்று ஐயுறப்படும் பொருள். பாண் மாவிற் சேர்ப்பதையும் அதனாலேயே பல நாடுகள் தடுத்தன. எரிதல் எப்போது தொடங்கிற்று, எப்போது முடிந்தது என்பதைக் கண்ணாற் பார்த்துக் கூறுவதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. ஆகவே, அண்மைக் காலத்திலே மற்றொரு முறையையும் சேர்த்தனர். அதில் உரைகல் கல்சியம் பரவொட்சைட்டு. குவியலைத் தராசின்மேல் வைத்தே எரிக்கின்றனர். எரிய எரிய நிறை குறைகிறது. நிறை குறையும் வேகமே எரியும் வேகம். கண்ணின் சாட்சியத்துக்குப் பதிலாகத் தராசின் சாட்சியம்.

ஆயினும் எந்தப் பரீட்சையும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. தூள் நுண்மையாயின் வேகமாக எரியும். கட்டியாயின் மெதுவாக எரியும். ஆகவே எந்த வடிவிற் பொருள் கொண்டுசெல்லப்படுகிறதோ அவ்வடிவைக் கருதவேண்டும். முப்பது கிராம் குவியலில் அடங்கி எரியும் பொருள், ஆயிரம் தொன் களஞ்சியத்தில் அவ்வாறே அடங்கும் என்று சொல்லவும் முடியாது. அமோனியம் நைத்திரேற்றுக்குத் தனி விதிகளும் தனிப் பரீட்சைகளும் வேண்டியிருப்பது இதனாலேயே.

மாத்தளையின் மரக்கறித் தோட்டங்களில் உழைக்கும் நேயர்களுக்கு இதில் நேரடியான பயன் ஒன்று உண்டு. பயிர்களுக்குக் கரைத்துத் தெளிக்கும் உரங்களுள் பொற்றாசியம் நைத்திரேற்று ஒன்று. தீச்சுவாலை ஒரு வட்டத்தின்மேல் எரிவதுபோன்ற குறி மூட்டையிற் காணப்பட்டால், உள்ளிருப்பது ஒட்சியேற்றி என்று அறிக. அம்மூட்டையை வைக்கோலுக்கும் மரத்தூளுக்கும் மண்ணெண்ணெய்க்கும் அருகில் வைக்கலாகாது. சிந்திய உரத்தை மரத்தூள் இட்டுக் கூட்டுவது பலருடைய வழக்கம். அவ்வாறு செய்வோர் எரிபொருளையும் ஒட்சியேற்றியையும் தம் கையாலேயே கலந்துவிடுகின்றனர். இத்தகைய மூட்டை தீப்பற்றினால், சாக்கைப் போர்த்தி மூச்சடக்கப் பார்ப்பதிற் பயனில்லை. வெளிக்காற்றைத் தடுத்தாலும் உள்ளேயே ஒட்சிசன் உண்டு. ஆரம்பத்திலேயே நிறைய நீர் ஊற்றவேண்டும். தீ வலுத்துவிட்டதாயின் உரத்தை விட்டு உயிரைக் காக்கத் தூர விலகவேண்டும். வீட்டிலே தணற் பரீட்சை செய்து பார்க்கவும் வேண்டாம். இன்றைய தூள் வெடியுப்பா குளோரேற்றா என்பது கண்ணுக்குத் தெரியாது. எசோன் ஆலையில் நின்றவர்க்கு நேர்ந்தது நமக்கு நேர வேண்டியதில்லை.

நேயர்களே, நக்கிள்ஸ் மலைப்பகுதி இன்று காக்கப்பட்ட வனம். 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைத் தலத்தின் ஒரு பகுதியாக அது அறிவிக்கப்பட்டது. வெடியுப்புக் குகையில் உளியோசை ஓய்ந்து நெடுங்காலமாயிற்று. வௌவால்களே அதற்கு இன்று உரியவர்கள். அங்கே பாறையைக் கொத்திச் சாம்பல் கலந்து உப்பெடுத்த மனிதர்களின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை. எனினும் ஈரம் குடிக்கும் உப்பை நீக்க அவர்கள் கையாண்ட சாம்பலும், இன்றைய ஆய்வாளர் கையாளும் தராசும் ஒரே கவலையிற் பிறந்தவை. கையிலுள்ள பொருளின் இயல்பை அறியாமல் அதனை நம்பலாகாது என்பதே அக்கவலை. அறிந்தவர் கையில் அந்த உப்பு பயிரை வளர்க்கிறது, நோய்க்கு மருந்தாகிறது, திருவிழா இரவில் வானவேடிக்கையாகிறது. அறியாதவர் கையிலோ அது துறைமுகங்களையே எரித்த கதையை நாம் கேட்டோம்.